பெயர் எழுதும் பக்கம் பத்திரம்!

கேள்வி: சி.டி., டி.வி.டி., ப்ளூ-ரே மூன்றும் ஒரே அளவுதானே, பிறகு ஏன் மூன்று பெயர்?

பதில்: வட்டம் ஒன்றுதான், 12 செ.மீ.; எழுத்துதான் பொடியாகிக்கொண்டே போகிறது! 1982-இல் கடைக்கு வந்த சி.டி.யைப் படிப்பது 780 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசர். கொள்வது சுமார் 700 எம்.பி. டி.வி.டி.க்கு 650 நானோமீட்டர் சிவப்பு, 4.7 ஜி.பி. ப்ளூ-ரேக்கு 405 நானோமீட்டர் நீல-ஊதா, ஓர் அடுக்கிலேயே 25 ஜி.பி. அலைநீளம் குறையக் குறைய, ஒளி குவியும் புள்ளியும் சிறுக்கிறது.

கேள்வி: பளபளக்கும் பக்கத்தைப் பொத்திப் பொத்தி வைத்தும் எங்கள் கல்யாண சி.டி. ஓடவில்லையே?

பதில்: மறுபக்கத்தை யார் பார்த்துக்கொண்டார்கள்?

சி.டி.யில் தகவல் இருப்பது பெயர் எழுதும் பக்கத்தில், மெல்லிய பூச்சுக்கு அடியில். பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதினாலே ஆபத்து. பளபளப்புப் பக்கத்துக்கோ சுமார் 1.2 மி.மீ. பாலிகார்பனேட் காவல் இருக்கிறது. அங்கே விழும் லேசான கீறலை மெருகேற்றிச் சரிசெய்யலாம். டி.வி.டி.யில் தகவல் இரண்டு தகடுகளுக்கு நடுவே. ப்ளூ-ரேயில் எல்லாம் தலைகீழ்: படிக்கும் பக்கத்திலிருந்து வெறும் 0.1 மி.மீ. ஆழம், அதனால்தான் அதற்குக் கடினப் பூச்சு.

வீட்டில் பதிவுசெய்த சி.டி.க்கு வெயிலும் ஆகாது, சாயம் கெட்டுவிடும். ஓடுகிற வட்டுகளையாவது இந்த வாரமே நகலெடுத்துவிடுங்கள்.