லயத்து டீவி கேம்: ஊதல் முறையும் வாரிசுரிமையும்

டீவி கேம் என்பது தொலைக்காட்சியோடு வயரால் இணைத்து, இரண்டு ரிமோட்டுகளைக் கொண்டு விளையாடப்படும் பெட்டி. இதன் மூதாதை, ஜப்பானில் நின்டென்டோ நிறுவனம் 1983 ஜூலையில் வெளியிட்ட ஃபேமிகாம். இலங்கையின் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாத் தேயிலைத் தோட்டங்களின் லயங்கள் எனும் வரிசை வீடுகளுக்கு வந்தது அதன் மலிவான நகல். கொழும்புக் கடைகளில் வேலை பார்த்த அண்ணன்மார் தீபாவளி லீவுக்குப் புறக்கோட்டையில் வாங்கி, பொடி மெனிக்கே ரயிலில் ஹட்டன் வரை மடியில் வைத்தே கொண்டுவந்தார்கள்.

ஆராய்ச்சிக்கு முதலில் உரியது ஊதல். விளையாட்டு அடங்கிய கெசட்டைச் செருகியும் படம் வராவிட்டால், அதை உருவி அடிவாயில் ஊத வேண்டும் என்பது விதி. ஊதுவோர் இரு பிரிவினர். விறகடுப்பில் ஊதாங்குழல் பிடித்துப் பழகியோர் ஒரே மூச்சில் நீளமாக ஊதுவர்; ஏனையோர் இடமிருந்து வலமாகத் துண்டு துண்டாக ஊதுவர். முதற்பிரிவினர் ஊதிய கெசட்டே உடனே வேலை செய்யும் என்பது லயத்து நம்பிக்கை. உண்மையில், உருவித் திரும்பச் செருகும்போது கெசட்டின் 60 உலோக முனைகளும் உரசிச் சுத்தமாவதாலேயே படம் வருகிறது. மூச்சின் ஈரம் அவற்றை அரிக்கத்தான் செய்யும். 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில், மூடுபனி கேட்காமலே லயத்துக் காம்பராவுக்குள் வந்துபோகும் இடத்தில், ஈரத்தோடு ஈரம் சேர்ப்பது வீண்வேலை. ஆயினும் ஊதாமல் செருகத் துணிந்தவர் எவருமில்லை.

வாரிசுரிமைக்கு 'செத்தா குடு' என்ற ஒரே சட்டம்தான். விளையாட்டில் உயிர் போனால் ரிமோட் அடுத்தவர் கைக்குப் போக வேண்டும். டீவி இருந்த காம்பராவின் பிள்ளையை இச்சட்டம் கட்டுப்படுத்தாது. ஃபேமிகாமின் இரண்டாவது ரிமோட்டில் ஸ்டார்ட், செலக்ட் பொத்தான்கள் கிடையா. நகல்களும் பெரும்பாலும் அப்படியே. அந்த இரண்டாவது ரிமோட் தம்பிக்கு உரியது. தம்பியின் நிலையைத் தொழிற்சாலையிலேயே தீர்மானித்து அனுப்பிய கருவி வேறு இருக்குமா என்பது ஐயமே. கொன்ட்ரா விளையாட்டின் மூன்றாவது கட்டமான அருவியில் நிலைமை இன்னும் கடுமை: மேலே ஏறுபவர் அவசரப்பட்டால் திரையும் கூடவே ஏற, கீழே நிற்பவர் விளிம்பில் சாவார். டெவோன், சென் கிளயர் அருவிகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கும் இதில் சலுகை இல்லை.

'9999 இன் 1' என்று அட்டை ஒட்டிய கெசட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தோட்டத்து வருகைப் பதிவேடான செக்ரோலில் ஒரே ஆளுக்குப் பல பேர் விழுந்தது போல, இருக்கும் சில விளையாட்டுகளே எண் மாறித் திரும்பத் திரும்ப வரும்.

பெரிய எதிரி கரண்ட். மாரியோ விளையாட்டில் எட்டு உலகங்கள், 32 கட்டங்கள். பாதியில் சேமித்துவைக்க வழியில்லை. காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களின் தண்ணீர் லக்சபான மின்நிலையங்களில் மின்சாரமாகி நாட்டுக்கெல்லாம் போனது. ஆனால் அக்கம்பக்கத்து லயங்கள் பலவற்றுக்குக் கம்பி வந்தது நெடுநாள் கழித்துத்தான். வந்த பின்னும் 1996, 2001 வறட்சிகளில் மின்வெட்டு. நாலாம் உலகத்தில் கரண்ட் போனால் மறுபடி ஒன்றாம் உலகம். கரண்ட் இருந்தாலோ அடப்டர் சூடேறும். "டியூப் போயிரும்டா, அமத்து" என்று அப்பாயி வாசல் இஸ்தோப்பிலிருந்தே தீர்ப்புச் சொல்வார். அத்தீர்ப்புக்கு மேன்முறையீடு கிடையாது.

எஞ்சியிருப்பது 1984-இல் வந்த வாத்து வேட்டை விளையாட்டின் துவக்கு. அதிலிருந்து எதுவும் வெளியே போவதில்லை. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, அடுத்த கணம் வாத்து இருக்கும் இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாகும். துவக்கின் வாய்க்குள் இருக்கும் ஒளியுணரி அந்த வெள்ளையைக் கண்டால் வாத்து விழும். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் குறிபார்க்கத் தூரம் ஏது? எனவே துவக்கின் வாயைக் கண்ணாடியில் முட்டவைத்துச் சுடும் முறை நிலைபெற்றது. பழைய குழல் டீவியின் வேகத்துக்கு அமைந்த ஏற்பாடாதலால், இன்றைய தட்டை டீவியில் முட்டவைத்தும் பயனில்லை. வாத்து தப்பினால் புல்லுக்குள்ளிருந்து எழுந்து சிரிக்கும் நாயையும் எல்லாத் தோட்டங்களிலும் சுட்டுப் பார்த்திருக்கிறார்கள். வீட்டுப் பெட்டியில் அது சாகாது.