தறிக்குப் போக மீந்த வீடு

வசிக்கவும் வேலை பார்க்கவும் ஒரே வீடு என்பதை 2020-இல் கொரோனாதான் கண்டுபிடித்தது என்று என் மச்சான் நம்புகிறார். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. படுக்கையறை மூலையில் ஒரு மேசை போட, ஆர்க்கிடெக்டுக்குப் பணம் கொடுத்திருக்கிறார். கலசப்பாக்கம், ஆரணிப் பக்கம் ஒரு பட்டுத்தறி வீட்டில் அவரை ஒரு வாரம் தங்கவைத்தால் தெளிந்துவிடுவார். அங்கே தறிக்குப் போக மீந்த இடத்தில்தான் மனிதர்கள் ஒதுங்குகிறார்கள்.

நான் வளர்ந்ததும் அப்படியொரு வீட்டில்தான். வெளிச்சமான கூடம் தறிக்கு. இருந்த ஒரே ஜன்னலும் தறிக்கு. தரையில் தோண்டிய குழிக்குள் காலைத் தொங்கவிட்டு அப்பா மிதிபலகையை மிதிப்பார். எதிரே பாவு நூல் நீண்டு கிடக்கும், தலைக்கு மேல் சேலையில் பூ போடும் ஜக்கார்டு பெட்டி கூரையை முட்டிக்கொண்டு நிற்கும். மிச்சச் சந்தில் அம்மா சோறு வடிப்பாள், தாரில் நூல் சுற்றுவாள், நாங்கள் வாய்ப்பாடு ஒப்பிப்போம். ஃபேன் இருந்தது. இழை ஆடும் என்று போட மாட்டார்கள். தாளிக்கிற எண்ணெய் தெறித்தால் முதலில் சேலையைப் பார்ப்பார்கள், பிறகுதான் அம்மா கையை.

வீட்டுக்கு வருகிறவர்களை "வாங்க" என்று கூப்பிடும் முன்பே "பாத்து, குழி!" என்று சொல்வது எங்கள் உபசாரம். அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று அதைச் சொல்ல மறந்துவிட்டோம். மாப்பிள்ளையின் சித்தப்பா பெரியவர்களுக்கு இடம்விட்டு மரியாதையாகப் பின்னால் நகர்ந்தார், இடுப்புவரை நெசவாளி ஆனார். நாலு பேர் சேர்ந்து தூக்கினோம். அத்தனை நெருக்கம் வந்த பிறகு சம்பந்தத்தை எப்படி வேண்டாம் என்பது?

ரதசப்தமி தீர்த்தவாரிக்கு அண்ணாமலையாரே திருவண்ணாமலையிலிருந்து கிளம்பிக் கலசப்பாக்கம் செய்யாற்றுக்கு வருகிறார். எங்களுக்கு அந்தச் சிரமம் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்தால் தீர்த்தம் எங்கள் தறிக்குழிக்கே ஊறி வந்துவிடும். தறி நின்றால் கூலியும் நின்றுவிடும் என்பதால் இதில் புண்ணியம் மட்டும்தான்.

தறியோடு குடியிருப்பது எப்படி என்பதை ஜக்கார்டு பிறந்த பிரான்சு நாட்டில் யோசித்திருக்கிறார்கள். லியோன் நகரத்து ஜோசப் மாரி ஜக்கார்டு 1804-இல் தன் பொறியைச் செய்தார். அந்தப் பொறி ஏறிய தறியின் உயரத்தைக் கணக்கில் வைத்து, அங்கே குருவா ரூஸ் குன்றில் சுமார் நான்கு மீட்டர் உயரக் கூரையும் நெடிய ஜன்னல்களுமாக நெசவாளர் குடியிருப்புகள் எழும்பின. உயரம் மிஞ்சியதால் பரண் போட்டு, குடும்பம் அதில் ஏறிப் படுத்தது. தரை தறிக்கு, பரண் மனிதருக்கு. நம்ம ஊர் மரியாதைதான், கொஞ்சம் உயரமாக.

இங்கே 2011-இல் பசுமை வீடுகள் திட்டம் வந்தது. 300 சதுர அடிக்குள் கூடம், படுக்கையறை, சமையலறை, கழிப்பறை, வராந்தா, போதாக்குறைக்குச் சூரிய ஒளி விளக்கு. நல்ல திட்டம்தான், குறை சொல்லக் கூடாது. ஆனால் அந்தக் கூடத்தில் பட்டுத்தறி ஒன்றைப் போட்டுப் பாருங்கள், வீட்டுக்காரர் வராந்தாவில் நிற்பார். கைத்தறி நெசவாளருக்கு இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் என்றிருந்த இலவச மின்சாரம் 2023-இல் 300 ஆனது. வெளிச்சத்துக்கு வழி பிறந்துவிட்டது, காலை நீட்டத்தான் இடமில்லை. முன்பு விடியற்காலையில் தெருவில் பாவு விரிப்பார்கள், ஆகவே எங்கள் வீட்டின் பெரிய அறை தெருதான். அதையும் இப்போது பைக்குகள் பிடித்துக்கொண்டன.

வரைபடம் போடும் பொறியாளர்களுக்கு ஒரு விண்ணப்பம். நெசவாளி வீடு என்றால் காகிதத்தில் முதலில் தறியை வரையுங்கள். குழிக்குத் தண்ணீர் ஊறாதபடி சிமென்ட் சுவர் கட்டுங்கள். கூரையை இரண்டடி உயர்த்துங்கள். கட்டில், பீரோ, மாமியார் இவற்றை எங்கே வைப்பது என்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், அது எங்களுக்குப் பழக்கம்தான்.