ஓரங்குலப் படையின் தளபதி

அலெக்சாண்டர் கி.மு. 334-இல் ஆசியாவுக்குள் காலடி வைத்தார். 326-இல் பஞ்சாபின் ஜீலம் நதிக்கரையில் மன்னர் போரஸோடு மோதினார். நடுவே எட்டே வருடம். அதே படைகளை எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவில் வீட்டு மாடியறையில் திரட்டிக்கொண்டிருக்கும் ஆங்கிலேயருக்கு எட்டு வருடம் எம்மாத்திரம்? அவருடைய குதிரைப்படையே இன்னும் பெயிண்டுக்குக் காத்து நிற்கிறது.

இந்த ரகத்தவர் இங்கிலாந்தில் ஊருக்கு ஒருவராவது இருப்பார். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியாராகவோ வரி அதிகாரியாகவோ இருந்திருப்பார். மூக்குக்கண்ணாடிக்கு மேல் ஒரு பூதக்கண்ணாடி, இடது கட்டைவிரலில் நிரந்தரமாக ஒரு பிளாஸ்திரி. கடையில் ஓரங்குலப் பிளாஸ்டிக் வீரர்களைப் பெட்டி பெட்டியாக வாங்குவார். பெட்டியைப் பிரித்ததும் செய்யும் முதல் காரியம், கழுத்தை அறுப்பது. ரோமானியன் தலை போகும். குண்டூசித் துண்டைச் செருகி மாசிடோனியன் தலை ஏறும். மிஞ்சிய தலைகள் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் சேரும். அதை அந்த வீட்டில் யாரும் பிஸ்கட் என்று நம்பித் திறப்பதில்லை.

பிறகு குளியல். அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப்பசை போகாவிட்டால் பெயிண்ட் உரிந்துவிடுமாம். சாப்பிட்ட தட்டைக் கழுவி அறியாத மனிதர், அடுக்களைத் தொட்டியில் சோப்புத் தண்ணீர் நிரப்பி ஒரு படையையே கழுவுகிறார். வளைந்த ஈட்டிகளைச் சுடுதண்ணீரில் முக்கி நிமிர்த்தி, பச்சைத் தண்ணீரில் போடுகிறார். அம்மையார் அப்போது அந்தப் பக்கம் வருவதில்லை.

மாசிடோனியக் காலாளின் சரிஸ்ஸா ஈட்டி ஐந்தரை மீட்டர் வரை நீண்டது. பொம்மைக் கணக்கில் ஏழரை சென்டிமீட்டர், அதாவது ஆளைப் போல் மூன்று மடங்கு. பெட்டியில் வந்தது குட்டை. எனவே உள்ளங்கையில் துளை போட்டுப் பித்தளைக் கம்பியைச் செருகுகிறார். கேடயம் எட்டு மில்லிமீட்டர். அதில் பதினாறு கதிர் நட்சத்திரம் வரைய வேண்டும். 1977-இல் கிரீஸின் வெர்கினாவில், மாசிடோனிய அரச கல்லறையில் கிடைத்த தங்கப் பேழையில் பதினாறுதான் இருக்கிறதாம். மூச்சை அடக்கிக்கொண்டு பதினைந்து கதிர் போட்டுவிட்டு, பதினாறாவதற்கு இடமில்லாமல் முதலிலிருந்து தொடங்குவார். குதிரைக்காரர்களுக்கு இன்னொரு தண்டனை: அந்தக் காலத்தில் அங்கவடி கிடையாது. கடையில் கிடைத்த பிற்காலக் குதிரை ஒவ்வொன்றிலும் அதைச் சுரண்டி எடுத்தாக வேண்டும்.

இந்தியப் படைக்கு வந்தால்தான் மனிதர் மலர்கிறார். இந்தியர்கள் தாடிக்குச் சாயம் பூசுவார்கள், வெள்ளை, நீலம், சிவப்பு, ஊதா, பச்சை என்று அவரவர் விருப்பப்படி என அலெக்சாண்டரின் கடற்படைத் தளபதி நியார்க்கஸ் சொன்னதைக் கிரேக்க வரலாற்றாசிரியர் அரியன் எழுதி வைத்திருக்கிறார். தூரிகை பிடித்தவனுக்கு இதைவிடப் பெரிய வரம் உண்டா? பெயிண்ட் எங்கே சிந்தினாலும் ஆதாரம் இருக்கிறது. வில் ஆள் உயரம். தரையில் ஊன்றி இடது காலால் மிதித்து எய்வார்களாம். ஆகவே எல்லா வில்லாளிக்கும் இடது காலை வெட்டித் திருப்பி ஒட்டும் அறுவை சிகிச்சை.

யானைதான் பெரிய செலவு. கடையில் கிடைப்பது கார்த்தேஜ் தளபதி ஹானிபாலின் ஆப்பிரிக்க யானை. காதை நறுக்கி, பள்ளமான முதுகில் எபாக்ஸி அப்பி மேடாக்கி, மண்டையில் இரண்டு புடைப்பு வைத்தால் அது பஞ்சாபுக்கு வந்துவிடும். கோபுரத்தையும் பிடுங்கிவிடுவார், ஏனென்றால் அலெக்சாண்டர் காலத்து வெள்ளி நாணயத்தில் யானை மேல் இருவர் வெறுமனே உட்கார்ந்திருக்கிறார்கள். போரஸிடம் எத்தனை யானை? அரியன் 200 என்கிறார்; மற்ற பழைய வரலாற்றாசிரியர்களில் டியோடோரஸ் 130, கர்டியஸ் 85. நம்மவர் வெகுகாலம் அரியன் கட்சி. யானை விலை ஏறிய பிறகு கர்டியஸே நம்பத்தக்கவர் என்று கண்டுகொண்டார்.

நண்பர் ஒருவர் வருவார், இதே நோய்க்காரர். இந்திய வீரனின் வேட்டிக்கட்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார்.

“இது எங்கே பார்த்தது?”

“சாஞ்சித் தோரணத்தில்.”

“அது போருக்கு முந்நூறு வருடம் பின்னால் செதுக்கியது. உங்கள் தாத்தா படத்தை வரைய உங்கள் பேரனை உட்கார வைப்பீர்களா?”

ஒரு மாதம் பேச்சுவார்த்தை இருக்காது. இருவருக்கும் தெரியும், ஜீலம் கரையில் அன்று யார் என்ன உடுத்தியிருந்தார்கள் என்று பார்த்துச் சொல்ல ஆளில்லை. அதனால்தான் சண்டை இத்தனை சூடு.

பொம்மைப்போர் மட்டும் நடப்பதே இல்லை. அன்று பெய்த மழையில் போரஸின் தேர்கள் சேற்றில் சிக்கின. நம்மவர் பசையில் காபித்தூள் குழைத்துச் சேற்றைத் தயார் செய்துவிட்டார். தேர்தான் வரவில்லை. தேருக்கு ஆறு பேர் என்கிறார் கர்டியஸ். அதில் இருவருக்கு இன்னும் தலை அமையவில்லை.

என்னைக் கேட்டால், இந்த மனிதர் பக்கம்தான் நான். நமக்குப் போரஸ் என்றால், தோற்றபின் அலெக்சாண்டரிடம் சொன்ன “அரசனைப் போல நடத்து” என்ற ஒரு பதிலோடு சரி. அவர் படையில் பெயர் தெரியாத வில்லாளி ஒருவனுக்குக் கால் திருப்பி, தாடிக்குச் சாயம் பூச ஒரு வெள்ளைக்காரர் வாரக்கணக்கில் கண் விழிக்கிறார்.

அவர் வீட்டுக்குப் போக நேர்ந்தால் வீரனை ஈட்டியில் பிடித்துத் தூக்காதீர்கள், பீடத்தைப் பிடியுங்கள். பச்சைத் தாடியைப் பார்த்து மட்டும் சிரித்துவிட வேண்டாம். கடைசி பஸ்ஸைத் தவறவிடுவீர்கள்.