ஏற்ற வேலையைக் கைவிடுதல்: ஒரு சித்தாந்த விசாரணை

தனியார் கம்பனி ஒன்றில் வேலையை ஏற்று, கடிதத்தில் கையெழுத்தும் வைத்து, திங்கட்கிழமை ராகுகாலம் கழிய ஒன்பது மணிக்கு வாறன் என்று வாக்கும் கொடுத்தாயிற்று. வெள்ளிக்கிழமை தபாற்காரர் பதிவுத் தபாலில் அரச நியமனக் கடிதத்தை நீட்டுகிறார். யாழ். குடாநாட்டுப் பட்டதாரிக்கு நேரும் இந்த நிலையை ஆராய்வதே நம் நோக்கம். இத்துறையில் முந்திய ஆய்வுகள் யாவும் வேலியோரத்தில் வாய்மொழியாக நிகழ்ந்தவை.

உண்மையை அறியச் சித்தாந்திகள் காட்சி, கருதல், உரை என்னும் அளவைகளைக் கொண்டனர். காட்சியளவையில் கம்பனிச் சம்பளமே கூட. 2020 செப்டெம்பரில் அரசு பட்டதாரிப் பயிலுநருக்குக் கொடுத்தது மாதம் 20,000 ரூபாதான். கருதலளவையில், பென்சன் உள்ள இடத்தில் நல்ல சம்பந்தமும் உண்டு. உரையளவை அம்மா சொல்வது: “கோழி மேய்ச்சாலும் கவண்மேந்தில மேய்க்கோணும்.” இத்தோடு மற்றிரு அளவைகளும் அடங்கிவிடும்.

மலாயா ரயில்வேயில் எழுதுவினைஞராக இருந்தவர்கள் பென்சனோடு திரும்பிக் கல்வீடு கட்டிய காலத்திலேயே இவ்வுரை ஆகமமாகிவிட்டது. எதிர்ச்சான்றும் உண்டு. ஆறுமுக நாவலர் 1848இல் பாதிரிமார் பாடசாலையின் சம்பளத்தை உதறி, வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அவருக்குச் சிலை வைத்தோம். பிள்ளைகளை அந்த வழியில் விடவில்லை.

இனி முப்பொருள். பதி, அரசு. பசு, பட்டதாரி. பாசம், ஊழியர் சேமலாப நிதி. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி தொழிலாளி 8 வீதமும் முதலாளி 12 வீதமும் கட்டுவது. 2017இல் யாழ். மாவட்டச் செயலகத்தின் முன்னால் பட்டதாரிகள் வேலை கேட்டு மாதக்கணக்கில் குந்தியிருந்தார்கள். 2020 நியமனத்திலோ, இந்த நிதியில் பெயர் இருந்தவர்களை ‘வேலையுள்ளவர்’ என்று பட்டியலிலிருந்து கழித்தார்கள். அவர்கள் மேன்முறையீட்டோடு அலைந்தார்கள். வீட்டில் இருந்தவருக்கு வீடுபேறு, சுப்பர் மார்க்கெற்றில் பில் போட்டவருக்குப் பிறவிச்சுழல். சும்மா இருத்தலே சுகம் என்ற உபதேசத்தை ஒரு அமைச்சு இவ்வளவு தெளிவாக அங்கீகரித்தது வேறெங்கும் இல்லை.

ஆகவே பாசம் பற்றுமுன், அதாவது முதற் சம்பளத்துக்கு முன், கழன்றுகொள்வதே நடைமுறை. கழலும் முறைதான் ஆய்வாளரைச் சங்கடப்படுத்துவது. திங்கள் பத்து மணிக்கு மனேஜர் போன் எடுக்கிறார். தங்கச்சி எடுத்து, “அண்ணா முழுகிறார்” என்கிறாள். செவ்வாயும் முழுகிறார். புதனும் கிணற்றடியில்தான். வியாழன் போன் நிறுத்தப்பட்டிருக்கிறது. இவ்வளவு நீராடலை மாசிமகத்திலும் கண்டதில்லை.

நியமனம் வந்தால் தாராளமாகப் போங்கள், தம்பி தங்கச்சிமாரே. உங்கள் அம்மாவை வென்ற தர்க்கம் இன்னும் எழுதப்படவில்லை. ஆனால் கடிதம் கைக்கு வந்த அன்றைக்கே மனேஜருக்கு ஒரு போன் எடுத்துச் சொல்லிவிடுங்கள். நேர்முகத்தில் இரண்டாவதாக வந்த பிள்ளையைத் திங்கட்கிழமைக்கே அவர் கூப்பிடலாம்.