காக்கைச் சான்று: சென்னைப் பூங்காக்களில் ஐப்பசிப் பறவை நோக்கல் குறித்த ஓர் ஆய்வு

சென்னையில் இலையுதிர் காலம் என்று ஒன்று கிடையாது. வெயில் ஓய்வதற்கும் வடகிழக்குப் பருவமழை பிடிப்பதற்கும் நடுவே, புரட்டாசிக் கடைசியிலிருந்து ஐப்பசி வரை, வியர்வை கொஞ்சம் யோசிக்கும் சில வாரங்கள் உண்டு. இமயத்தின் அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்த ஆறுமணிக்குருவி அப்போதுதான் இரவோடிரவாகப் பறந்து தெற்கே வருகிறது. கிண்டிக் காடும் அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டமும் அதற்குப் பழகிய இடங்கள். ஊருக்குள் வந்த அதை முதலில் கண்டுபிடிப்பவர் யார் என்பதே இவ்வாய்வின் வினா.

பைனாகுலர் வைத்திருப்பவர் என்பது இதுவரை நிலவும் கொள்கை. இதை மறுக்கிறோம். கண்டுபிடிப்பது காகம். மனிதர் போடுவது மேலொப்பம்.

குருவியின் நடத்தையைக் கவனிக்க. முதுகில் பச்சை, தோளில் பளிச்சென்று நீலம், மார்பில் சந்தனம், கண்ணை மறைத்துக் கறுப்புப் பட்டை, வாலடியில் குங்குமச் சிவப்பு. இத்தனையும் பூசிக்கொண்டு அது போய் நிற்பது சருகுக் குப்பையில். ஒரு சருகைப் புரட்டும், குட்டை வாலை மேலும் கீழும் ஆட்டும், அடுத்த சருகு. அசையாமல் நின்றுவிட்டால் பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. பூங்காக்களில் விடிந்ததும் சருகைப் பெருக்கித் தள்ளிவிடுவதால், துடைப்பம் எட்டாத மோட்டார் ரூம் பின்புறம்தான் அதற்கு வாய்க்கும். நடைப்பயிற்சிக்காரர்கள் அங்கே போவதில்லை. போகிற ஒன்றிரண்டு பேரும் வேறு காரியமாகப் போகிறவர்கள்.

காகம் அப்படியல்ல. தன் வட்டாரத்தில் அயலான் தலையைக் கண்டாலே ஊரைக் கூட்டிவிடும். துரத்தல் தாங்காமல், பயணக் களைப்பிலிருக்கும் குருவி மாடிப்படியிலோ குளியலறையிலோ புகுந்துகொள்ளும். சென்னையில் பலர் இப்பறவையை முதன்முதலாகப் பார்த்தது பக்கெட்டுக்குப் பின்னால்தான்.

இலக்கியச் சான்றும் உண்டு. காகம் கரைந்தால் விருந்து வரும் என்பது பழைய நம்பிக்கை. அதைக் குறுந்தொகையில் பாடியே நச்செள்ளையார் காக்கைபாடினியார் ஆனார். நாம் திருத்துவது வரிசையை மட்டும்: விருந்து வந்த பிறகுதான் காகம் கரைகிறது.

முறையியலில் சில இடர்கள் உள்ளதை மறைப்பதற்கில்லை. ஆந்தைக்கும் பூனைக்கும் யாரோ கையில் வைத்திருக்கும் மெதுவடைக்கும் காகம் ஏறத்தாழ ஒரே கூச்சல்தான் போடுகிறது. குயிலைத் துரத்துவது கூட்டில் முட்டையிட்டது தொடர்பான குடும்ப வழக்கு, ஆய்வாளர் தலையிடலாகாது. மகாளய அமாவாசையன்று களப்பணியே கூடாது. தகவலாளிகள் அத்தனை பேரும் மொட்டை மாடிகளில் பிண்டத்துக்கு வரிசையில் நிற்பார்கள். மயிலே நடந்து போனாலும் அன்று சொல்ல ஆளிருக்காது.

இக்குருவி அந்தி ஆறு மணி வாக்கில் இரட்டைச் சீழ்க்கை அடிப்பது ஏன் என்பதும் இப்போது விளங்கும். காகங்கள் மரத்துக்குத் திரும்பி, ஒருவரோடொருவர் இடச்சண்டையில் இருக்கும் நேரம் அது. விடிகாலையிலும் கூவுகிறதே, அப்போது காகம் விழித்திருக்குமே என்று ஓர் ஆட்சேபம் எழலாம். விழித்துத்தான் இருக்கும். ஆனால் அந்நேரம் டீக்கடை வாசலில், பொறை உடைக்கும் கையையே பார்த்துக்கொண்டிருக்கும்.