அடுத்த மாடல் சார்

மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலை ஆறு மணிக்குச் சுற்றிவருகிறவர்களில் பலர் கையில் இருக்கும் ஸ்மார்ட்வாட்ச், அடுத்த மாடல் சார் சிபாரிசு செய்து வாங்கியது. சார் கையில் மட்டும் எச்எம்டி.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. பென்ஷன் ஆர்டரில் இருக்கிறது. பூங்காவில் அதை யாரும் பயன்படுத்துவதில்லை. வாட்ச் வாங்கலாமென்று யார் போய் நின்றாலும் பெஞ்சில் உட்காரவைத்து, பட்ஜெட் கேட்டு, ஆண்ட்ராய்டா ஐபோனா என்று விசாரித்து, மணிக்கட்டின் சுற்றளவைக் கண்ணாலேயே அளந்து, "உங்களுக்கு இது போதும்" என்று ஒன்றைச் சொல்லிவிடுவார். அந்த "உங்களுக்கு"வில் ஓர் அழுத்தம் இருக்கும். "நீங்க எது சார் வாங்கப்போறீங்க?" என்று மரியாதைக்குக் கேட்டால், "நமக்கு அடுத்த மாடல் வரட்டும்" என்பார். இந்தப் பதில் பல வருஷமாக மாறவில்லை. மாடல்கள்தான் வந்து போய்க்கொண்டிருக்கின்றன.

எச்எம்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது ஜனதா மாடல். கல்யாணத்துக்கு மாமனார் போட்டது. ஜப்பானின் சிட்டிசன் கம்பெனி துணையோடு பெங்களூரில் 1961இல் வந்த அந்தத் தொழிற்சாலைதான் நம் ஊர் மாப்பிள்ளைகளின் இடது கையை வெகுகாலம் ஆண்டது. சார் கல்யாணத்தின்போதே போட்டிக்கு ஆள் வந்தாயிற்று. டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் 1984இல் சேர்ந்து ஆரம்பித்த டைட்டன், ஓசூரில் குவார்ட்ஸ் கடிகாரங்களாகச் செய்து தள்ளிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளைக்கு எது வேண்டும் என்று பெண் வீட்டில் கேட்டிருக்கிறார்கள். "பேட்டரி வாட்ச் நிலைக்குமான்னு தெரியலை, ரெண்டு வருஷம் பார்க்கலாம்" என்று மாப்பிள்ளை சொல்லியனுப்பினாராம். முகூர்த்தம் ரெண்டு வருஷம் பொறுக்குமா? மாமனார் கடையில் கிடைத்த ஜனதாவைக் கட்டிவிட்டார். எச்எம்டி வாட்ச் கம்பெனியை மூடுவதென்று 2016இல் மத்திய அரசு முடிவெடுத்துவிட்டது. டைட்டன் ஓடிக்கொண்டிருக்கிறது. சார் இன்னமும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஸ்மார்ட்வாட்ச் மேல் அவருக்குள்ள முதல் ஆட்சேபம் சார்ஜ். "ஆப்பிள்காரனே ரொம்ப வருஷம் 18 மணி நேரம்னுதான் சொல்லிட்டிருந்தான். தினம் ராத்திரி கழற்றி மாட்டணும். இதெல்லாம் ஒரு பிழைப்பா?" என்று, ஜனதாவுக்குச் சாவி கொடுத்துக்கொண்டே கேட்பார். கல்யாணமான நாளிலிருந்து காலைக் காபிக்கு முன் சாவி கொடுத்துவருகிறவர். மனைவி ஒருமுறை இதைச் சுட்டிக்காட்டியதற்கு, "அது வேற" என்று பதில் வந்தது. (எப்படி வேற என்று நானும் யோசித்துப் பார்த்தேன். சாவி கொடுக்க பிளக் பாயின்ட் தேட வேண்டாம் என்பதைத் தவிர எதுவும் தோன்றவில்லை.) நாள்கணக்கில் சார்ஜ் நிற்கும் வாட்சுகள் இருப்பது அவருக்குத் தெரியாதா என்ன? கார்மினில் சில மாடல்கள் இரண்டு வாரம் தாங்கும் என்று அவரே சொல்வார். 1989இல் வந்த கேஸியோ எஃப்-91டபிள்யூ ஒரே பேட்டரியில் ஏழு வருஷம் ஓடும் என்பதையும், ஏதோ சத்தியகாலத்தைப் பற்றிப் பேசுவதுபோல் குரலைத் தாழ்த்திச் சொல்வார். பிறகு ஒரு பெருமூச்சு. "ஆனா அதுல ஈசிஜி இல்லையே."

வீட்டில் ஓர் எக்செல் ஷீட் இருக்கிறது. பேங்கில் கடன் விண்ணப்பங்களைக் கிழித்துக் காயப்போட்ட கை, சும்மா இருக்குமா? விலை, பேட்டரி, திரை, ஜிபிஎஸ், ஸ்ட்ராப் தனியாகக் கிடைக்குமா, சர்வீஸ் சென்டர் பஸ் ரூட்டில் இருக்கிறதா என்று கட்டம் கட்டமாகப் போகும். தண்ணீர் தாங்குமா என்பதற்குத் தாராளமாக மார்க் ஒதுக்கியிருக்கிறார். 5 ஏடிஎம் என்று போட்டிருப்பதால் 50 மீட்டர் ஆழத்துக்கு முங்கலாம் என்று அர்த்தமில்லை, அது சோதனைக்கூடத்தில் பார்க்கிற அழுத்தக் கணக்கு, நீந்தலாம், ஸ்கூபா டைவிங் கூடாது என்று அரைமணி நேரம் விளக்குவார். மெரினாவில் அவர் முழங்காலுக்கு மேல் நனைந்ததைப் பார்த்தவர் கிடையாது. எப்படிக் கூட்டினாலும் அந்த ஷீட்டில் முதல் ரேங்க் இன்னும் விற்பனைக்கு வராத வாட்சுக்குத்தான். வராத வாட்சில் குறை கண்டுபிடிக்க முடியுமா?

நாள் பார்ப்பது தனிக் கதை. சாம்சங் தன் புது வாட்சைப் பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்டில் விடும், அது ஆடி. ஆடியில் தள்ளுபடி வாங்கலாம், புதுசு வாங்கலாமோ? ஆவணி நல்ல மாதம்தான். ஆனால் செப்டம்பரில் ஆப்பிள் வருகிறது என்று தெரிந்துகொண்டே யாராவது ஆவணியில் காசை இறக்குவார்களா? ஆப்பிள் கடைக்கு வரும்போது புரட்டாசி. ஆன்லைனில் பண்டிகைத் தள்ளுபடி தொடங்கும். அதில் போன வருஷ மாடலுக்குத்தான் விலை விழும். போன வருஷ மாடலை இந்த வருஷம் வாங்க அவருக்கென்ன தலையெழுத்தா? ஐப்பசியில் தீபாவளிச் செலவு. கார்த்திகையில், முதல் லாட்டில் என்னென்ன கோளாறு என்று ஊர் உலகம் வாங்கிப் பார்த்துச் சொல்லட்டும் என்ற பொறுமை. மார்கழி பீடை மாதம். தை பிறந்தால் வழி பிறப்பதற்குப் பதில் வதந்தி பிறக்கும்: அடுத்த மாடலில் அது வருகிறதாம், இது வருகிறதாம். மாசி, பங்குனியில் வருமான வரி. சித்திரையில் அட்சய திருதியை. அன்றைக்குத் தங்கம்தானே வாங்க வேண்டும்?

தங்கம் என்று வந்துவிட்டால் 2015 கதையைக் கேட்காமல் யாரும் பெஞ்சிலிருந்து எழுந்திருக்க முடியாது. அந்த வருஷம் ஆப்பிள் தன் முதல் வாட்சை விட்டபோது 18 காரட் தங்கத்தில் ஒரு வகையும் விட்டது. அமெரிக்காவில் அதன் விலை 10,000 டாலரில் ஆரம்பம். 2018இல் வந்த புது மென்பொருள் அந்த முதல் தலைமுறை வாட்ச் எதிலும் ஏறாது என்று சொல்லிவிட்டார்கள். தகரமானாலும் தங்கமானாலும் ஒரே கதிதான். "தங்கத்தை வாங்கிட்டு, மூணே வருஷத்துல பழசாப்போச்சுன்னு உட்கார்ந்தவன் நம்ம ஊர்ல உண்டா?" என்று கேட்டு ஒரு சுற்றுப் பார்ப்பார். அப்புறம் பெப்பிள். 2012இல் பொதுமக்களிடமே முன்பணமாக ஒரு கோடி டாலருக்கு மேல் திரட்டிய வாட்ச். 2016இல் அதன் சொத்துகளை ஃபிட்பிட் வாங்கியது, 2021இல் ஃபிட்பிட்டை கூகுள் வாங்கி முடித்தது. "நான் பெப்பிள் வாங்கியிருந்தா இன்னிக்கு யார்கிட்ட போய் சர்வீஸ் கேட்கிறது?"

இப்படி வாங்காமல் தப்பித்த வாட்சுகளின் விலையை எல்லாம் வருஷவாரியாகக் கூட்டி, ஒரு பெரிய தொகை மிச்சம் பிடித்திருப்பதாக ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் அறிவித்தார். "அது எந்த அக்கவுன்ட்ல இருக்குங்க?" என்றார் மனைவி. "அது நோஷனல்" என்றார் முன்னாள் பேங்க்காரர்.

ரிச்சி தெருவிலும் அண்ணா சாலை ஷோரூம்களிலும் அவரைத் தெரியாதவர்கள் புது ஆள்களாகத்தான் இருக்க முடியும். ஒரு ஷோரூமில் வேலைக்குச் சேரும் பையன்களை முதலில் இவரிடம் அனுப்பிவைப்பதாகக் கேள்வி. இவரிடம் அரைமணி நேரம் நின்றுவிட்டு வந்தால், பிறகு எந்த வாடிக்கையாளரும் பயமில்லை. 2018இல் ஆப்பிள் வாட்சில், கட்டியிருப்பவர் விழுந்தால் கண்டுபிடிக்கும் வசதி வந்தபோது, "டெமோ காட்டுப்பா" என்றிருக்கிறார். பையன் மேனேஜரைப் பார்த்தான். மேனேஜர் தரையைப் பார்த்தார்.

இதை ஓய்வுபெற்றவர்களின் வியாதி என்று நினைக்க வேண்டாம். ஓஎம்ஆர் ஐடி கம்பெனிகளில் இருபத்தெட்டு வயதிலேயே இதே மனிதர் ஜீன்ஸ் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஒரே வித்தியாசம், அவர் கையில் போன மாடல் இருக்கும். "சிப் மாறலை மச்சி, சென்சார் மாறலை, புதுசா ஒரு கலர்தான் விட்டிருக்கான்" என்று ஒவ்வொரு வருஷமும் துக்கம் விசாரிக்கிற குரலில் சொல்வார். அப்படியானால் இருப்பதோடு நிம்மதியாக இருக்கலாமே என்றால், அதுவும் முடியாது.

எங்கள் சாரைப் பற்றி நான் கண்டுகொண்டது, வாங்காமல் இருப்பதுதான் அவருடைய உத்தியோகம். வாட்சை வாங்கியவனிடம் யாரும் யோசனை கேட்பதில்லை. காசு கொடுத்துவிட்ட பாவத்துக்கு அவன் தன்னுடையதைப் புகழ்ந்துதான் ஆக வேண்டும். வாங்காதவன் வாக்குக்குத்தான் மதிப்பு. ஒன்றைக் கட்டிக்கொண்டு நாளைக்கே அவர் பூங்காவுக்கு வந்தால், அந்த பெஞ்சில் அவரும் ஒரு வாட்ச்காரர், அவ்வளவுதான்.

அவருடைய நிம்மதியைக் குலைக்கிற ஒரே ஆள் அவர் பிளாட் வாட்ச்மேன். ஆன்லைனில் 1,500 ரூபாய்க்கு ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டு, கேட்டுக்குப் பக்கத்தில் நின்று மணிக்கட்டோடு பேசிக்கொண்டிருக்கிறார். ஷீட் இல்லை, ஷோரூம் இல்லை, ஒரே நாளில் வாங்கியது. சாருக்குப் பொறுக்கவில்லை. வாட்சின் அடியில் மின்னும் பச்சை வெளிச்சத்தை ரத்தம் உறிஞ்சும், ஒவ்வொரு துடிப்புக்கும் ரத்தம் கூடக் கூடத் திரும்பிவருகிற வெளிச்சம் குறையும், அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணித்தான் நாடித்துடிப்பு சொல்கிறது, மட்டமான வாட்சுக்குக் கட்டியிருப்பது கையா காயா என்றே தெரியாது என்று விளக்கி, வீட்டிலிருந்து ஒரு வாழைக்காயை எடுத்துவந்து அதில் கட்டியும் காட்டினார். சற்று நேரம் யோசித்துவிட்டு வாட்ச் 72 என்றது. சார் வெற்றியோடு நிமிர்ந்தார். வாட்ச்மேன் காயைக் கையில் வாங்கி அழுத்திப் பார்த்து, "காய் நல்லாதான் சார் இருக்கு" என்றார்.

தினம் பத்தாயிரம் அடி நடந்தே தீருவேன் என்று கடைசி நானூறு அடிக்காக பூங்கா வாசலில் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருப்பவர்களையும் சார் விடமாட்டார். டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த சூட்டில் 1965இல் ஒரு ஜப்பான் கம்பெனி நடையளக்கும் கருவி விற்கக் கிளப்பிய எண் அது, டாக்டர் யாரும் எழுதிக்கொடுத்தது இல்லை என்பார். சரிதான். அவர் தினம் எத்தனை அடி நடக்கிறார் என்று மட்டும் யாருக்கும் தெரியாது. அவருக்கும் தெரியாது.

ஒரு விஷயத்தில் அவரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். பூங்காவில் சர்க்கரைக்காரர் ஒருவர், விரலைக் குத்தாமலே சுகர் சொல்லும் வாட்ச் என்று போனில் வந்த விளம்பரத்தைக் காட்டி, பணம் கட்டப் போனார். சார் போனைப் பிடுங்காத குறை. அப்படித் தோலைத் துளைக்காமல் தானாகவே சுகர் அளக்கும் எந்த வாட்சுக்கும் மோதிரத்துக்கும் அனுமதி கொடுக்கவில்லை என்று அமெரிக்காவின் எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் எச்சரித்ததை எடுத்துக் காட்டினார். தப்பான எண்ணைப் பார்த்து இன்சுலினைக் கூட்டிப் போட்டுக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. நண்பர் பழையபடி விரலைக் குத்திக்கொள்கிறார். ஆயிரம் வாட்சை வாங்காமல் இருந்து பெற்ற ஞானம் அன்றைக்கு ஓர் ஆளைக் காப்பாற்றியது. சாருக்கும் சர்க்கரை உண்டு என்பதை அன்றுதான் சொன்னார். "நிஜமாவே சுகர் பார்க்கிற மாடல் வரட்டும் சார், அன்னிக்கே வாங்கிடறேன்" என்றார். கொஞ்சம் நம்பலாம்போல்தான் இருந்தது.

போன டிசம்பரில் அமெரிக்காவிலிருந்து வந்த மகள், பெட்டியிலிருந்து ஓர் ஆப்பிள் வாட்சையும் தன் பழைய ஐபோனையும் எடுத்து அப்பா முன்னால் வைத்துவிட்டாள். சார் வாட்ச் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிரிக்கவில்லை. "சீலை உடைச்சா பாதி விலை போச்சும்மா." டப்பா பீரோவுக்குள் வெள்ளிப் பாத்திரங்களோடு போய்ச் சேர்ந்தது. பொங்கல் கழிவதற்குள் எக்செல்லில் புது ஷீட் தயார்: இதைக் கொடுத்து, மேலே எவ்வளவு போட்டால் அடுத்த மாடல்?

மாசியில் ஒருநாள் மனைவி அதைப் பிரித்து, ஐபோனோடு சேர்த்து, கையில் கட்டிக்கொண்டார். ஈசிஜி பக்கம் போகவே இல்லை. சமையலறையிலோ பூஜை அலமாரியிலோ மறந்து வைக்கிற போனைக் கூப்பிட்டுக் கண்டுபிடிக்க ஒரு பட்டன் இருக்கிறது; அது ஒன்றைத்தான் நாள் முழுக்க அழுத்துவார். "முப்பதாயிரம் ரூபாய்க்கு ஒரு விசில்" என்று சார் பூங்காவில் வந்து புலம்பினார். ஒரு வாரம் இப்படிப் போனது. ஒருநாள் ராத்திரி அடுப்படி வேலை முடித்து எட்டு மணிக்கு சீரியல் பார்க்க மனைவி உட்கார்ந்திருக்கிறார். எட்டு ஐம்பதுக்கு வாட்ச் மணிக்கட்டில் தட்டி, எழுந்து நிற்கச் சொன்னது.

"விடிஞ்சதுலேர்ந்து நின்னுக்கிட்டுதான் இருக்கேன். இப்பதான் உட்கார்ந்தேன், அது இதுக்குப் பொறுக்கலை" என்று கழற்றி சார் மடியில் போட்டார்.

சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வாட்சை ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்து, கீறல் ஏதாவது இருக்கிறதா என்று ஓரம் ஓரமாகப் பார்த்தார்.

"சும்மாதானே இருக்கு, நீங்களாவது கட்டிக்கோங்களேன்."

"நீ வேற. ஸ்ட்ராப்ல வேர்வைக் கறை இருந்தா எக்ஸ்சேஞ்சுல ஐந்நூறு குறைச்சுடுவான்."