மிஞ்சின நுரை

எங்கள் வீட்டுப் பக்கச் சுவரில் இடுப்பளவு உயரத்தில் ஒரு குட்டிக் கதவு இருக்கிறது. கனடாவின் ஸ்காபரோவில் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வரிசையாகக் கட்டிய பங்களா வீடுகள் சிலவற்றில் இதை இன்னும் காணலாம். வெளியே ஒரு கதவு, உள்ளே ஒரு கதவு, நடுவில் ஒரு பெட்டி. பால்காரர் வெளிக்கதவைத் திறந்து போத்தலை வைத்துவிட்டுப் போவார். வீட்டுக்காரர் இரவு உடுப்போடு நின்றபடியே உள்ளிருந்து எடுத்துக்கொள்வார். பால்காரர் எந்தக் காலத்திலோ நின்றுவிட்டார். இப்போது அந்த வழியால் குளிர்காற்று மட்டும் வருகிறது. சனவரி மாதத்தில் அது ஒரு நாளும் பிந்துவதில்லை.

வீட்டுக்குள் காற்று எங்கெங்கே புகுகிறது என்று அறிய முறையான சோதனை ஒன்று உண்டு. வாசலில் பெரிய விசிறி ஒன்றைப் பூட்டி உள்ளிருக்கும் காற்றை வெளியே உறிஞ்சுவார்கள். உள்ளழுத்தம் வெளியை விட 50 பாஸ்கல் குறைந்ததும் ஒளிந்திருந்த ஓட்டைகள் எல்லாம் சீறத் தொடங்கும். 2021இல் மத்திய அரசு வீடு திருத்த 5,000 டொலர் வரை மானியம் கொடுக்கத் தொடங்கியபோது, இந்த மாதிரிச் சோதனைச் செலவுக்கும் 600 டொலர் வரை தந்தார்கள். எங்கள் குடும்பத்துக்கு மானியச் செய்தி வந்து சேர்வது எப்போதும் வாசல் மூடிய பிறகுதான். 2024 தொடக்கத்தில் புதிய விண்ணப்பங்களை நிறுத்தினார்கள். அந்த வருட வசந்தத்தில் நாங்கள் மிகுந்த உற்சாகத்தோடு படிவம் தேடிக்கொண்டிருந்தோம்.

காசில்லாதவர்களுக்கு ஊதுபத்தி. இது என் கண்டுபிடிப்பு அல்ல. வீட்டுச் சூட்டைக் காப்பது பற்றிக் கனடா அரசின் இயற்கைவளத் துறை வெளியிட்ட கையேட்டிலேயே இருக்கிறது. இரண்டு மூன்று ஊதுபத்தியைச் சேர்த்துக் கொளுத்தி யன்னல் ஓரமாகப் பிடித்தால், புகை வளைகிற இடத்தில் ஓட்டை. அரசாங்கமே ஊதுபத்தி கொளுத்தச் சொல்கிறது என்று கேட்டதும் அம்மா பொறுப்பைத் தன் கையில் எடுத்தார். முழுகிவிட்டு வந்தார். ஒவ்வொரு யன்னலுக்கும் இடம் வலமாக மூன்று சுற்று. நான் பென்சிலோடு பின்னால் போனேன். வெளிச்சுவரில் இருந்த பிளக் ஒன்றின் துளையால் வந்த காற்று, புகையை நேரே எதிர்ச்சுவர்ப் பிள்ளையார் படத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

"உந்த ஓட்டையை அடைக்க வேண்டாம்," என்றார் அம்மா.

இந்த நிலையில்தான் மச்சான் வந்தான். என் மனைவியின் தம்பி, கணக்கியல் படித்தவன். கையில் ஸ்பிறே ஃபோம் ரின்கள். யன்னலையும் கதவையும் விட முதலில் பார்க்கவேண்டியது கூரை அறைக்கு ஏறும் மூடி என்று அவனுக்குச் சொன்னேன். சூடான காற்று மேலே ஏறி அந்த இடுக்கால் தப்பிப் போகும்; அது போன இடத்தை நிரப்பக் கீழ்த்தளத்தால் குளிர் இழுபட்டு வரும். "மேலை பிறகு ஏறுவம் அத்தான்," என்றான். ரின்னைத் திறக்கும் ஆசை அவன் கண்ணில் தெரிந்தது.

ஃபோமுக்கென்று ஒரு சாதி ஒழுங்கு இருக்கிறது. ஆறு மில்லிமீற்றருக்குக் குறைந்த வெடிப்புக்கு அது தேவையில்லை, கோக்கிங் பசை போதும். திறந்து மூடுகிற இடத்துக்கு ரப்பர் பட்டி. சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான் ஃபோமின் இராச்சியம். அதிலும் யன்னல், கதவுகளுக்கென்று அடக்கமாக வீங்குகிற ரின் தனியே விற்கிறார்கள். பெரிய ஓட்டைகளுக்கான மற்ற ரின் கண்மண் தெரியாமல் வீங்கும். சட்டத்தை உள்ளே தள்ளி வளைத்துவிடும். மச்சான் கடையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரு டொலருக்கு எத்தனை லீற்றர் நுரை என்று கணக்குப் பார்த்திருக்கிறான். எந்த ரின் வென்றிருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ரின்னைத் தலைகீழாகப் பிடித்து, இடைவெளியில் பாதிக்கும் குறைவாக அடித்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். மிச்சப் பாதியை அது தானே வீங்கி நிரப்பும். கையைக் கட்டிக்கொண்டு நிற்பது எங்கள் பரம்பரையில் இல்லை. பாதி வெறுமையாகத் தெரிந்த இடமெல்லாம் மச்சான் இன்னொரு முறை அடித்தான்.

"தம்பி, அப்ப மா மாதிரி எல்லே பொங்குது!" என்று அம்மா கதவடியில் நின்று அதிசயப்பட்டார்.

கீழ்த்தளக் குளியலறை யன்னல் அன்றைக்குச் சாத்தியது, இன்னும் திறக்கவில்லை. "இனிக் காற்றே வராது," என்று மச்சான் அதையும் வரவில் எழுதினான்.

இந்த ரின்னில் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சித்தான் ஃபோம் இறுகும். ஆகவே ஒரு முறை அடித்தால் குழாய்க்குள் நிற்கும் நுரையும் கொஞ்ச நேரத்தில் கல்லாகிவிடும். அரை ரின் மிஞ்சினால் குப்பைக்குத்தான். சோற்றுப் பானையை வழித்துத் துடைத்துச் சாப்பிட்டு வளர்ந்த ஒருவன் கையில் அப்படி ஒரு பொருளைக் கொடுக்கலாமா? ஓட்டைக்கு நுரை தேடி வந்தவன், இப்போது நுரைக்கு ஓட்டை தேடி வீட்டைச் சுற்றி ஓடினான்.

நான் பின்னால் ஓடினேன். செங்கல் சுவரின் அடிவரிசையில் விட்டிருக்கும் சிறு இடைவெளிகள் சுவருக்குள் இறங்கும் மழைநீர் வடிவதற்கானவை. அவற்றின் முன்னால் குந்தியிருந்தான். "கொத்தனார் சீமெந்து போட மறந்துபோனான் அத்தான்!" அங்கிருந்து இழுத்துவந்தால், துணி உலர்த்தியின் வெளிக்குழாய். அதை மறித்து நின்றால், வீட்டைச் சூடாக்கும் சூளையின் புகை வெளியேறும் வெள்ளைக் குழாய். அதை அடைத்தால் காபன் மொனொக்சைட் வீட்டுக்குள் நிற்கும், குடும்பத்தோடு போய்ச் சேருவோம் என்று கத்தினேன். "அப்ப இது எங்க ஊத்துறது?" என்று உண்மையான துயரத்தோடு கேட்டான்.

பால் பெட்டி ஞாபகம் வந்தது அவனுக்குத்தான்.

வெளிக்கதவைச் சாத்திவிட்டு, மிஞ்சின ரின் எல்லாவற்றையும் உள்ளே கவிழ்த்தான். பெரிய குழியைக் கொஞ்சம் கொஞ்சமாக, படை படையாக நிரப்ப வேண்டும்; ஒரேயடியாக ஊற்றினால் மேலே தோல் கட்டும், நடுவில் ஈரம் சேராமல் பச்சையாகவே கிடக்கும். அடுத்த நாள் காலை வெளிக்கதவு தானாகத் திறந்து, மஞ்சள் நுரை சுவரில் பாதி தூரம் இறங்கி நின்றது. வேலியில் நின்று பார்த்த அடுத்த வீட்டு இத்தாலிய முதியவர் முகம் வெளுத்துவிட்டார். "ஃபோமா? அரசாங்கம் தடை செய்ததல்லவா!" அவர் சொன்னது யூரியா ஃபோமல்டிஹைட் ஃபோமை. எழுபதுகளில் சுவர்களுக்குள் பாய்ச்சிய அதைக் கனடா 1980இல் தடை செய்தது. இது பொலியூரித்தேன், வேறு சரக்கு என்று சொல்லிச் சமாதானப்படுத்தினேன். அதற்குள் மச்சான் வழிந்த நுரையைக் கையுறை இல்லாமல் வழித்துவிட்டிருந்தான். ஈரமாக இருக்கும்போது அசிற்றோன் கரைக்கும். காய்ந்த பிறகு எந்தத் திரவத்துக்கும் மசியாது, தோல் உரிந்து போகும்வரை பொறுக்க வேண்டியதுதான். அந்தக் கிழமை வந்த சாமத்தியவீட்டுப் படங்கள் எல்லாவற்றிலும் அவன் வலக்கை காற்சட்டைப் பைக்குள் இருக்கிறது.

ஒன்றைச் சொல்ல வேண்டும். குளிர் நின்றது. மெய்யாகவே நின்றது. அதோடு பொரித்த மீனும் நின்றது. திங்கட்கிழமை பொரித்த சூடை வியாழக்கிழமையும் வரவேற்பறையில் இருந்தது. சோற்றுப் பானையின் ஆவி யன்னல் கண்ணாடிகளில் நீராக வடிந்து, கட்டையில் கறுப்புப் பூஞ்சணம் பிடித்தது. ஸ்காபரோவில் எங்கள் ஆட்கள் பலர் கராச்சில் ஏன் அடுப்பு வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. இந்தச் சிக்கலை எப்போதோ முன்கூட்டிக் கண்டவர்கள் இருக்கிறார்கள். 1977இல் ரெஜைனாவில் காற்றுப் புகாத மாதிரி வீடு ஒன்றைக் கட்டியவர்கள், கூடவே ஒரு காற்று மாற்றியையும் வைத்தார்கள். வெளியேறும் பழங்காற்றின் சூட்டைப் பிடுங்கி, உள்ளே வரும் குளிர்காற்றுக்குக் கொடுக்கிற இயந்திரம். இரண்டு காற்றும் ஒன்றையொன்று தொடாது.

கடைசியில் நாங்களும் அதை வாங்கினோம். பூட்ட வந்தவர் எங்கடை ஆள், வல்வெட்டித்துறை. கீழ்த்தளச் சுவரில் பெரிய துளைக் கருவியைப் பிடித்து இரண்டு ஓட்டை போட்டார். ஒன்று காற்று வர, ஒன்று போக. மச்சான் பக்கத்தில் நின்று, தன் வாழ்நாள் உழைப்பை யாரோ உடைக்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

குழாயைச் செருகிய பிறகு சுற்றிவர விரல் அகல இடைவெளி இருந்தது. அவர் பையிலிருந்து ஃபோம் துவக்கை எடுத்தார். விசையை அழுத்த அளவாக வந்தது, விட்டதும் நின்றது.

"மிச்சம் என்ன செய்வியள் அண்ணை?"

"அப்பிடியே துவக்கிலை பூட்டி வைச்சால் ஒரு மாதத்துக்குப் பாவிக்கலாம் தம்பி."

மச்சான் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் துணி உலர்த்தியின் குழாயடிக்குப் போய் நின்றுகொண்டேன்.